மவுண்ட் ஏஞ்சல் போகும் முன் போல்கா ஆடக் கற்றுக்கொள்ளுங்கள்

அமெரிக்காவின் மவுண்ட் ஏஞ்சல் ஊரில் நடக்கும் ஜெர்மன் பாணித் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்டுக்கு முதல் முறை போனபோது நானும் மனைவியும் நான்கு மணி நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். இசை அருமை, சாப்பாடு அருமை. ஆனால் காரில் ஏறியதும் இருவருக்கும் ஒரே எண்ணம்தான்: கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்பிவிட்டோம். அது ஆடுகிறவர்களின் திருவிழா. எழுபது வயதுப் பாட்டிகள் வியர்க்க வியர்க்க ஆடுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அடுத்த ஆண்டு நாங்களும் போல்கா என்ற ஜோடி நடனத்தை ஆடினோம். இடையிலும் அங்கேயும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

படி 1: ஊரையும் நாளையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ நாற்பது மைல் தூரத்தில் இருக்கிறது மவுண்ட் ஏஞ்சல். மூவாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் சிற்றூர். பெயரில் அக்டோபர் இருந்தாலும் விழா நடப்பது செப்டம்பரில்: அமெரிக்கத் தொழிலாளர் தினமான செப்டம்பர் முதல் திங்கட்கிழமைக்குப் பின் வரும் இரண்டாவது வியாழன் தொடங்கி ஞாயிறு வரை. 1966இல் அறுவடைத் திருவிழாவாகத் தொடங்கியது. தானியமும் பழமும் காய்களும் வைத்துக் கட்டிய அறுவடைத் தூணை அங்கே காணலாம். அதற்கு 'ஃபுருக்ட்சோய்லே' என்று பெயர்.

இதை வெறும் பவேரிய (தெற்கு ஜெர்மனி) விழா என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பவேரியக் குடும்பங்கள் குடியேறின. 1882இல் சுவிட்சர்லாந்தின் எங்கல்பெர்க் மடத்திலிருந்து பெனடிக்டைன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் வந்து மடம் அமைத்தார்கள். எங்கல்பெர்க் என்றால் தேவதை மலை; அதன் ஆங்கில வடிவம்தான் மவுண்ட் ஏஞ்சல். காலையில் சீக்கிரம் போனால் முதலில் குன்றின் மேல் உள்ள மடத்துக்குப் போய்வாருங்கள். அங்கே ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த நூலகம் இருக்கிறது. 1970இல் திறந்தது. மேலிருந்து வெளிச்சம் விசிறி போல இறங்கும் அந்த அறையில் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கீழே இறங்கினால் தெருவின் இரைச்சல் இன்னும் இனிக்கும்.

சனிக்கிழமை நண்பகலில் மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் ஆட இடம் இருக்காது. என் விருப்பம் வெள்ளி மாலை.

படி 2: ஷூ

ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டப்பயிற்சி ஷூவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது தரையைக் கவ்வும். உடல் திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். வழவழப்பான தோல் அடிப்பாகம் கொண்ட பழைய ஆபீஸ் ஷூவே இதற்குச் சிறந்தது. குதிகால் உயரம் வேண்டாம். வீட்டில் பழகும்போது மரத்தரையில் காலுறையோடு ஆடுங்கள். எங்கள் சமையலறைதான் எங்கள் அரங்கம்.

படி 3: டியூபாவைக் கேளுங்கள்

மேடையில் அக்கார்டியன் இருக்கும், கிளாரினெட் இருக்கும், டிரம்பெட் இருக்கும். காது தானாக அக்கார்டியன் பக்கம் போகும், ஏனென்றால் பாட்டு அங்கேதான் ஓடுகிறது. அதை விட்டுவிடுங்கள். இருப்பதிலேயே பெரிய, வாய் அகன்ற பித்தளைக் குழலைத் தேடுங்கள். அதுதான் டியூபா, உங்கள் கால்களுக்கு எஜமானன்.

டியூபா 'ஊம்' என்று ஒலித்ததும் மற்ற வாத்தியங்கள் 'பா' என்று எத்தனை முறை பதில் சொல்கின்றன என்று எண்ணுங்கள். ஊம்-பா, ஊம்-பா என்றால் போல்கா. ஊம்-பா-பா, ஊம்-பா-பா என்றால் வால்ட்ஸ் என்ற இன்னொரு ஜோடி நடனம். இந்த ஒரு சோதனை போதும். சிறு வயதில் மிருதங்க வகுப்புக்குப் போனவர்களுக்கு இன்னும் எளிது: வால்ட்ஸ் மூன்றெழுத்துச் சொல்லான தகிட, போல்கா நான்கெழுத்துச் சொல்லான தகதிமி.

போல்கா பிறந்தது சுவிட்சர்லாந்திலும் அல்ல, பவேரியாவிலும் அல்ல, 1830களில், இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவில். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துக்குச் சொந்தமானது லேண்ட்லர் என்ற நிதானமான மூன்றெண்ணிக்கை ஆட்டம். வால்ட்ஸ் அந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. ஆனாலும் இந்த விழாவில் புதியவரைத் தளத்துக்கு இழுப்பது போல்காதான்.

படி 4: மூன்று அடி, ஒரு வெறுமை

நான் மாட்டிக்கொண்ட இடம் இது, அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

தகதிமி என்றால் நான்கு எழுத்து, ஆகவே நான்கு அடி என்று எடுத்துக்கொண்டேன். இடது, வலது, இடது, வலது. தனியாக ஆடும்போது எந்தத் தவறும் தெரியவில்லை. மனைவியோடு சேர்ந்து திரும்பத் தொடங்கியதும் இரண்டாவது சுற்றிலேயே கால்கள் மோதின. இணையத்தில் பார்த்த காணொளிகள் எல்லாம் "விரைவு, விரைவு, மெது" என்றே சொல்லின. சொல் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை.

இரண்டாம் ஆண்டு விழாவில், தளத்தின் ஓரத்தில் நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி அருகில் வந்தார். பச்சை நிற டிர்ண்டில் என்ற பவேரியப் பாரம்பரிய கவுன், முழங்கை வரை வெள்ளைச் சட்டைக் கை. எதுவும் விளக்கவில்லை. என் தோளில் இரண்டு விரல்களால் மூன்று முறை தட்டினார். பிறகு விரல்களைத் தோளிலிருந்து எடுத்துக் காற்றில் வைத்திருந்தார். மறுபடி மூன்று தட்டு, மறுபடி காற்று. அந்த இடைவெளியில் அவருடைய குதிகால் தரையைவிட்டு ஓர் அங்குலம் எழும்பியதைக் கண்டேன். அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டது.

அதாவது:

த: இடது கால்
க: வலது கால்
தி: இடது கால்
மி: அடி கிடையாது. இடது காலில் நின்றபடியே லேசான எழும்பல்.

அடுத்த தகதிமி வலது காலில் தொடங்கும்: வலது, இடது, வலது, எழும்பல்.

ஏன் நான்கு அடி வைக்கக்கூடாது? நான்கு இரட்டைப்படை எண். நான்கு அடி வைத்தால் ஒவ்வொரு முறையும் இடது காலிலேயே தொடங்குவீர்கள். போல்காவில் ஒரு தகதிமிக்கு அரைச் சுற்று திரும்ப வேண்டும். திரும்பியதும் எதிர்க்கால் முன்னால் இருக்க வேண்டும். மூன்றடி வைத்தால் கால் தானாக மாறிவிடும். மி என்பது ஓய்வு அல்ல, உடலைத் திருப்புவதற்குக் கிடைத்த காற்று.

முதலில் ஆடாமல், உட்கார்ந்தபடி தொடையில் தட்டிப் பழகுங்கள்: த-க-தி என்று மூன்று தட்டு, மி சொல்லும்போது கை காற்றில். வாய் நான்கும் சொல்ல வேண்டும், கை மூன்றுதான் தட்ட வேண்டும். இது கைக்கு வந்த பிறகு எழுந்து நின்று, நேராக முன்னோக்கி நடந்து பாருங்கள். எழும்பல் பெரிய குதிப்பாக வேண்டாம். தரைக்கும் குதிகாலுக்கும் இடையே ஒரு சப்பாத்தி நுழைந்தால் போதும்.

வேகத்துக்கு அலைபேசியில் ஏதாவது ஓர் இலவச மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும்) செயலி போதும். அழகழகான நடனச் செயலிகள் வேண்டாம், அவை கவனத்தைத் திரையில் கட்டிப்போடும். நிமிடத்துக்கு 80 தட்டில் தொடங்குங்கள். ஒரு தட்டுக்குத் 'தக', அடுத்த தட்டுக்குத் 'திமி'. தடுமாறாமல் மூன்று நிமிடம் ஆட முடிந்தால் 90, பிறகு 100. 120க்கு வந்துவிட்டால் எந்த வாத்தியக் குழுவும் உங்களை மிரட்ட முடியாது.

படி 5: இருவராக

எதிரெதிரே நில்லுங்கள். ஒருவர் இடது காலில் தொடங்கினால் மற்றவர் வலது காலில். நடத்திச் செல்பவரின் வலது கை மற்றவரின் தோள்பட்டை எலும்பின் மேல், இடுப்பில் அல்ல. கை உயரத்தில் இருந்தால்தான் திரும்பும்போது இருவரும் ஒரே துண்டாகத் திரும்புவீர்கள். முதல் ஐந்து நாள் திரும்பவே வேண்டாம், பக்கவாட்டில் போய் வாருங்கள்: ஒரு தகதிமி இந்தப் பக்கம், ஒரு தகதிமி அந்தப் பக்கம். ஆறாம் நாள், ஒவ்வொரு மியிலும் வலஞ்சுழியாக அரைச் சுற்று. இரண்டு தகதிமியில் முழுச் சுற்று முடியும்.

படி 6: ஆடுதளத்தில்

எல்லா ஜோடிகளும் தளத்தை இடஞ்சுழியாகச் சுற்றி வருவார்கள். வேகமானவர்கள் வெளி ஓரத்தில், நிதானமானவர்கள் நடுவில். தாளம் தப்பினால் வெளி ஓரத்தில் நின்றுவிடாதீர்கள். நடுப்பகுதிக்கு ஒதுங்கி, டியூபாவைக் கேட்டு, அடுத்த தகதிமியில் சேர்ந்துகொள்ளுங்கள். தொடையையும் ஷூவையும் தட்டி ஆடும் ஷூப்ளாட்லர் தொடங்கினால் வட்டத்தைவிட்டு விலகி நின்று பாருங்கள். பல ஆண்டு பழகியவர்களின் ஆட்டம் அது. கோழிபோல இறக்கை அடிக்கும் ஆட்டம் வந்தால் தயங்காமல் குதித்துவிடுங்கள், அதற்குப் பயிற்சியே வேண்டாம். அந்த மெட்டை அமைத்தவர் டாவோஸைச் சேர்ந்த ஒரு சுவிஸ் அக்கார்டியன் கலைஞர் என்று தெரிந்தபோது எனக்கு அதன்மேல் தனி மரியாதை வந்தது.

தெருக்களில் நடக்கவும் தெரு மேடை இசையைக் கேட்கவும் கட்டணம் இல்லை. பெரிய கூடாரங்களுக்குத்தான் டிக்கெட். முதல் முறை ஆடுபவர்கள் தெருவிலேயே தொடங்குங்கள்.

சாப்பாடு

ஆடிய பிறகு சாப்பிடுங்கள். சாப்பிட்டு உடனே சுற்றினால் வயிறு ஒத்துக்கொள்ளாது. சிறு மரவீடுகள் போன்ற கடைகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்களும் தொண்டு அமைப்புகளும்தான். நீங்கள் கொடுக்கும் பணம் ஊருக்கே திரும்புகிறது. சைவர்களுக்கு உருளைக்கிழங்கு அடையும் அதன் மேல் ஆப்பிள் கூழும் என் முதல் தேர்வு. விளிம்பு முறுகலாக, நடு மெத்தென்று, கூழின் புளிப்பு எண்ணெயை வெட்டிக்கொண்டு இறங்கும். புளித்த முட்டைக்கோஸில் சில சமயம் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். மாரியன்பெர்ரி போட்ட இனிப்பு கண்ணில் பட்டால் விடாதீர்கள். மவுண்ட் ஏஞ்சல் இருக்கும் மாரியன் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய பழம் அது.

பின்சேர்க்கை

இதை எழுதிய பிறகு பலர் கேட்ட மூன்று கேள்விகள்.

தலை சுற்றுகிறது என்றார் ஒரு வாசகி. கண் கூட்டத்தின் மேல் ஓடினால் சுற்றத்தான் செய்யும். துணையின் காதையோ தோளையோ பாருங்கள். உங்களோடு சேர்ந்து திரும்பும் ஒன்றைப் பார்த்தால் தலை நிற்கும்.

புடவையில் ஆடலாமா? பக்கவாட்டு அடிக்குச் சிரமமில்லை. சுற்றில் கொசுவம் துணையின் ஷூவுக்கு அடியில் போகிறது, என் மனைவியின் அனுபவம். சல்வார் நல்லது.

பிள்ளைகளோடு எப்படி ஆடுவது? தோளைப் பிடிக்க வேண்டாம், இரு கைகளையும் கோத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய அடி சிறியது. உங்கள் அடியைப் பாதியாகக் குறையுங்கள். மகளுக்கு நான் தகதிமி சொல்லித்தரவில்லை. அவள் உள்ளங்கையில் மூன்று முறை தட்டிவிட்டு விரலைக் காற்றில் நிறுத்தினேன். அன்று மாலை ஊரின் மணிக்கோபுரத்தில் நேரம் வந்ததும் தோன்றும் பொம்மைகள் வெளிவரும்வரை காத்திருந்த கூட்டத்தின் நடுவே, டியூபா கேட்ட திசையைப் பார்த்தபடி, அவள் தன் தொடையில் அதையே தட்டிக்கொண்டிருந்தாள்.