‘டேக் ஆஃப்’: “எதை?” என்று கேட்காததால் வரும் தவறுகள்

வாகைகுளத்தில் விமானம் கிளம்புவதும் ‘டேக் ஆஃப்’. திருச்செந்தூர் கோயிலுக்குள் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்றுவதும் ‘டேக் ஆஃப்’. இந்த ஆங்கிலச் சொல்லின் அர்த்தங்களை வரிசையாக மனப்பாடம் செய்தால் பேசும்போது கை கொடுக்காது. “எதை?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் கழற்றுவது, குறைப்பது, விடுப்பு எடுப்பது. பதில் இல்லையென்றால் மேலே எழும்புவது, சட்டென்று கிளம்பிப் போவது, வியாபாரம் சூடுபிடிப்பது. பள்ளியில் படித்த செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை பாடம்தான் இது.

அதிகம் காதில் விழும் தவறு, ‘டேக் ஆஃப் இட்’. ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ இரண்டுமே சரி. ஆனால் ஷூ என்ற பெயர் போய் ‘இட்’, ‘தெம்’ வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘டேக் தெம் ஆஃப்’. இதற்கு விலக்கே கிடையாது. தினம் பத்துத் தடவை வாய்விட்டுச் சொன்னால் ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

லீவு கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘ஐ ஆம் டேக்கிங் ஆஃப் டுமாரோ’ என்றால் நாளைக்கு எங்கேயோ கிளம்புகிறீர்கள் என்றுதான் வெளிநாட்டு மேலாளர் நினைப்பார். நாளைக் குறிக்கும் சொல்லை நடுவில் வையுங்கள்: ‘ஐ ஆம் டேக்கிங் டுமாரோ ஆஃப்’. மதியத்துக்கு மேல் மட்டும் லீவு என்றால் ‘டேக்கிங் தி ஆஃப்டர்நூன் ஆஃப்’.

விமானத்துக்கு ‘வாஸ் டேக்கன் ஆஃப்’ போடாதீர்கள். யாரோ அதைச் சேவையிலிருந்து எடுத்துவிட்டதுபோல் ஆகிவிடும். ‘டுக் ஆஃப்’ போதும்.

விலையில் ஒரு சொல் மாறினாலும் கணக்கு மாறும். டவுன் ரதவீதியில் 500 ரூபாய்ச் சேலைக்கு ‘டேக் ஃபிஃப்டி ஆஃப்’ என்றால் 450 ரூபாய். ‘ஆஃப்’ இடத்தில் ‘ஃபார்’ வந்து ‘டேக் ஃபிஃப்டி ஃபார் இட்’ ஆனால் 50 ரூபாய்க்கே சேலையைக் கேட்டதாகிவிடும்.

வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு ‘கெட் ஆஃப்’. லைட்டை அணைக்க ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’. இரண்டுக்கும் ‘டேக்’ ஆகாது.

எழுதும்போது ‘ஆஃப்’ என்பதற்கு இரண்டு ‘எஃப்’. ஒன்றை விட்டால் அது ‘ஆவ்’ என்று ஒலிக்கும் வேறு சொல். தட்டச்சு செயலியும் பல நேரம் அதைத் திருத்தாது, ஏனென்றால் அதுவும் சரியான ஆங்கிலச் சொல்தான்.