ஓடுகிற நாய் திரும்ப வேண்டும்

மாலை ஐந்து மணிக்கு மேல் நாங்கள் மூன்று பேர் கிணற்றுமேட்டில் கூடுவோம். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடு. உளுந்தும் மக்காச்சோளமும் நிற்கிற மாதங்களில் பேச்சு முழுக்க மயிலையும் காட்டுப்பன்றியையும் பற்றித்தான். பேசிக்கொண்டே வேலிக்கருவைக் கொப்பில் சிரட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு உண்டிவில்லால் குறிபார்த்து அடிப்போம். என் காலடியில் செவலை படுத்திருப்பாள். சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய், இரண்டரை வயது. சிரட்டை உடைந்து தெறித்தாலும் நான் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள்.

போன வாரம் அண்ணாச்சி ஒருவர் எழுபது நாள் குட்டி ஒன்றைத் துண்டில் பொதிந்து எடுத்துவந்து, "தம்பி, இதையும் செவலை மாதிரி ஆக்கிக் கொடு" என்றார். ஒருவர் நாயை இன்னொருவர் ஆக்கிக் கொடுக்க முடியாது. கஞ்சி ஊற்றுகிற கைதான் பழக்கவும் வேண்டும். அவரிடம் மூன்று மாலைகளாகச் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

முதலில் இனத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடுகிறவை. அசைகிற பொருள் கண்ணில் பட்டதும் கால் முந்திவிடும், காது பிறகுதான் வேலை செய்யும். ஒரு காலத்தில் முயலுக்காகவே இவற்றை வளர்த்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று முயல் வேட்டை குற்றம், மயிலைக் கடித்துப் போட்டாலும் வழக்குதான். சட்டம் வந்ததால் இரத்தத்தில் இருக்கும் ஓட்டம் போய்விடுவதில்லை. ஆகவே நான் இரண்டே பாடங்கள் சொல்லிக்கொடுக்கிறேன். அசைவைப் பார்த்தும் இடத்தை விட்டு எழாமல் இருப்பது ஒன்று. ஓடத் தொடங்கிய பிறகும் கூப்பிட்டால் திரும்புவது மற்றொன்று. கை கொடுப்பதும் உருண்டு காட்டுவதும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

குட்டி வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசிக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

கூப்பிடுவதற்குப் பெயரைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் எல்லோரும் நாள் முழுவதும் பெயரைச் சொல்லிக் கொஞ்சுகிறார்கள், திட்டுகிறார்கள், சும்மாவும் அழைக்கிறார்கள். மாலைக்குள் அந்தச் சொல் தேய்ந்துவிடும். எனக்கு வாய்ச் சீட்டி, இரண்டு முறை, குட்டையாக. அதை வேறு எதற்கும் அடிப்பதில்லை. முதல் பத்து நாள் குட்டி இரண்டடி தூரத்தில் இருக்கும்போதே சீட்டி அடித்து, உடனே தின்னக் கொடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல், வாங்கி, உப்புப் போடாமல் அவித்து, புளியங்கொட்டை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்வேன். ஒரு வேளைக்குப் பத்துத் துண்டு போதும். பிறகு ஐந்தடி, வாசல், களத்துமேடு என்று தூரத்தைக் கூட்டலாம்.

இந்த இடத்தில்தான் நான் நான்கு மாதம் தவறு செய்துகொண்டிருந்தேன். என் அக்காள் மகன் கல்லூரியில் ஏர் ரைபிள் பழகுகிறான். பத்து மீட்டர் தூரத்தில் வைக்கிற காகிதக் குறியில் பத்துப் புள்ளிக்கான நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். கட்டைவிரல் நகத்தில் பேனா முனையால் தொட்ட அளவு. மூச்சும் தோளும் துளி அசைந்தால் குண்டு எங்கோ போகும் என்பதால் உடம்பின் சின்ன அசைவுகளைக் கவனித்துக் கவனித்து அவனுக்குக் கண் தேறியிருக்கிறது. ஒரு விடுமுறையில் வந்தவன் நான் செவலையைக் கூப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "மாமா, சீட்டிக்கு முன்னாலேயே உங்கள் கை சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. அவள் சத்தத்தைக் கேட்டு வரவில்லை, கையைப் பார்த்து வருகிறாள்" என்றான். சோதித்துப் பார்த்தோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சீட்டி அடித்தேன். செவலை நின்ற இடத்திலேயே நின்று என் பையைப் பார்த்தாள். கண்ணால் வாழ்கிற நாய் அப்படித்தான் பார்க்கும். முதுகு காட்டி ஓடுகிறபோது என் கை அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து, சீட்டி அடித்து, அவள் வந்து மூக்கால் முழங்காலைத் தொட்ட பிறகுதான் கையை அசைக்கிறேன். பழைய பழக்கம் மாற மூன்று வாரம் ஆயிற்று.

நான்காம் மாதத்தில் கயிறு. முப்பதடி நூல்கயிறு வாங்குங்கள். நைலான் வேண்டாம், அது கையையும் நாயின் காலையும் அறுக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம், தரையில் இழுபட விட்டுத் தேவைப்பட்டால் மிதியுங்கள். சீட்டிக்கு வராவிட்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடங்கள். அது தானாகப் பின்னால் வரும். வந்ததும் துண்டு. கரிசல் மண் சுட்டால் பாதம் வெந்துபோகும் என்பதால் காலை ஏழரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டும் பழக்குகிறேன். வயிறு நிறையக் கம்மங்கஞ்சி குடித்த உடன் ஓடவிடுவதில்லை.

வந்த நாயை அடிக்காதீர்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும் சரி. ஒரு நாள் செவலை பக்கத்துக் காட்டில் ஆட்டுக்குட்டியைத் துரத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து என்னிடம் வந்தாள். ஆத்திரத்தில் கம்பால் இரண்டு போட்டேன். ஆட்டைத் துரத்தியதற்கு நான் அடித்தேன், என்னிடம் வந்ததற்கு அடி விழுந்தது என்று அவள் எடுத்துக்கொண்டாள். அடுத்த இரண்டு வாரம், சீட்டிக்கு வருவாள், பத்தடி தள்ளி நின்று காதைப் பின்னுக்கு மடக்கித் தரையைப் பார்ப்பாள். அந்தப் பத்தடியைக் குறைக்க நான் தினமும் தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு சுவரொட்டித் துண்டைப் பின்னால் நீட்ட வேண்டியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

"இரு" என்ற பாடத்துக்கு எங்கள் உண்டிவில் விளையாட்டு நன்றாக உதவியது. கொப்பில் ஆடுகிற சிரட்டையைவிட இந்த இனத்தை இழுக்கக்கூடியது எது? குறிக்குப் பின்னால் ஆள் உயரக் கரை இருக்க வேண்டும், நாயும் ஆட்களும் அடிப்பவருக்குப் பின்னால் இருக்க வேண்டும். கல் தெறித்துத் திரும்பும், ஆகவே கரிசல் களிமண்ணை உருட்டி நிழலில் உலர்த்திய உருண்டைகளைத்தான் போடுகிறோம். பறவையைக் குறி வைப்பவருக்கு எங்கள் கிணற்றுமேட்டில் இடமில்லை.

முதலில் நாற்பது தப்படி தள்ளி நாயை உட்காரவைத்து, சிரட்டையைக் கையால் ஆட்டுங்கள். எழாவிட்டால் துண்டு. பிறகு ஒருவர் அடிக்கட்டும். எழுந்தால் சத்தம் போடாமல், பழைய இடத்துக்கும் பத்துத் தப்படி பின்னால் கூட்டிப்போய் உட்காரவையுங்கள். ஒவ்வொரு வாரமும் ஐந்து தப்படி முன்னால் வரலாம். ஏர் ரைபிளின் சத்தத்துக்கும் இதே முறைதான். தூரத்தில் தொடங்கி, தின்றுகொண்டிருக்கும்போது கேட்கவைத்து, மெல்ல அருகே கொண்டுவந்தேன். சிவகாசி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்களில் தீபாவளி ஒரு நாளோடு முடிவதில்லை. வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடித் தொலைந்த நாய்கள் ஏராளம். குட்டி நடுங்கினால் அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆடுகளைக் கடைசியில் வையுங்கள். கயிற்றோடு, மேய்கிற மந்தைக்கு ஐம்பதடி தள்ளி உட்காரவைப்பதில் தொடங்கி, மந்தை ஓடும்போதும் சீட்டிக்குத் திரும்புகிற நிலை ஒரு மாதம் பிசகாமல் நின்ற பிறகுதான் நான் கயிற்றை அவிழ்த்தேன். செவலைக்கு அப்போது ஒன்றே கால் வயது.

நேற்று அண்ணாச்சி குட்டியைக் களத்தில் இறக்கிவிட்டு முதல் சீட்டி அடித்தார். குட்டி தலையைச் சாய்த்து, ஒரு காதை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தது. அதற்குள் அவர் கை வேட்டி மடிக்குப் போய்விட்டது.

"கையை எடுங்கள் அண்ணாச்சி" என்றேன்.