சேர்வராயன் மலையில் களிமண் பார்க்கப் போகிறவர்களுக்கு

சேலத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே என்று எதையும் களிமண் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மலையடிவாரக் கரடுகளில் நரம்பு நரம்பாக ஓடும் வெள்ளை, மாக்னசைட் என்ற மக்னீசியக் கனிமம்; ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள். கொஞ்சம் பொடித்துத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். களிமண் திரியாக உருளும், மாக்னசைட் உதிர்ந்துவிடும். அமிலச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுக்கான்கல் உடனே நுரைக்கும். ஆனால் மாக்னசைட் பொடித்துச் சூடாக்கினால்தான் நன்றாக நுரைக்கும். அதனால் நுரை வரவில்லை என்றால் களிமண் என்று அர்த்தமில்லை.

மலைமேல் சங்கதி வேறு. அங்கே அடிப்பாறை சார்னோக்கைட், கிரானைட் போன்ற கெட்டியான பாறை. மழைநீர் பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோன மேடுகளில் மேலே பாக்சைட் என்ற அலுமினியத் தாது, கீழே களிமண், அதற்கும் கீழே மட்கிய பாறை என்பது பொதுவான வரிசை. இதைப் பார்க்கச் சாலை வெட்டுகளும் புதிதாகத் தோண்டும் கிணறுகளும்தான் நல்ல இடம்.

வெட்டுமுகத்தின் மேல் செம்மண் வழிந்து பூசியிருக்கும். ஒரு முழம் உள்ளே செதுக்கிவிட்டு லென்ஸை வையுங்கள். பாறையிலிருந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் வடிவம் கலையாமல் வெள்ளை மாவாகியிருக்கும், நகம் பட்டாலே ஒட்டும். பக்கத்தில் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் கூர் மழுங்காமல் நிற்கும். எனக்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டாம்: அந்தக் களிமண் அங்கேயே விளைந்தது. ஏரி வண்டலில் இது கிடைக்காது. அங்கே படலம் படலமாக மண்ணும், நடுவே வேர், இலைத் துணுக்குமாக இருக்கும்.

மாதிரியைக் கீழிருந்து மேலாக எடுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் உதிர்வது கீழ் அடுக்கில் கலந்துவிடும். ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் பள்ளமாகச் செதுக்குங்கள். நிறமோ பிசுபிசுப்போ மாறினால் புதுப் பை. அடையாளச் சீட்டைப் பைக்குள்ளும் போடுங்கள், வெளியே எழுதியது வியர்வையிலேயே அழியும். மாதிரி அதிகமாகிவிட்டால் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈர மண்ணைப் பட்டையாகத் தட்டி, 10 சென்டிமீட்டர் கோடு கீறி நிழலில் காயவையுங்கள். கோடு 9.2 ஆனால் சுருக்கம் 8 சதவீதம். அப்புறம் சூளையில் சுட்டுப் பாருங்கள். சிவந்தால் இரும்பு இருக்கிறது. ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் ஆகும், வெள்ளைப் பீங்கானுக்கு ஆகாது.

குழி தோண்டுவதானால் காட்டில் வனத்துறை அனுமதி, பட்டா நிலத்தில் உரிமையாளர் சம்மதம். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள், மேயும் மாடு குழிக்குள் காலை விட்டுவிடும்.