தடித்த சாய்வுத் தலைப்பெழுத்து: மூன்று சுழி ‘ண’விலிருந்து தொடங்குங்கள்

தலைப்புக்கு ஒரு தமிழ் ஃபாண்டை எடுத்துத் தடிமன் பொத்தானையும் சாய்வுப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். அந்த வடிவம் ஃபாண்டில் வரையப்படாமல் இருந்தால் மென்பொருள் தானே கோட்டைச் சுற்றி ஊதவைத்து, மொத்தத்தையும் வலப்பக்கம் தள்ளிவிடும். சுழிகள் அடைபடும், புள்ளி எழுத்தோடு ஒட்டும். தமிழ் எழுத்துக்கு இதைச் செய்வது அநியாயம். முறையாக வரைய எத்தனை நாள் ஆனாலும் தகும்.

ரோமன் எழுத்தில் சாய்வு தனி மரபு. 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் முழுப் புத்தகத்தையே சாய்வெழுத்தில் அச்சிட்டார். தமிழ் அச்சில் அப்படியொரு இணை மரபு கிடையாது. நமக்குச் சாய்வு பழகியது தட்டைத் தூரிகையில், சுவரெழுத்திலும் சுவரொட்டியிலும். ஆகவே தடித்த சாய்வெழுத்தைத் தலைப்புக்கென்றே வரையுங்கள்.

முதலில் எடை, அதாவது கோடுகளின் தடிமன். பெரும்பாலோர் ‘ப’ அல்லது ‘ட’ வரைந்து தடிமனை முடிவு செய்வார்கள். அங்கேதான் தவறு. எவ்வளவு தடிக்கலாம் என்பதை மூன்று சுழி ‘ண’தான் சொல்லும். எழுத்தை வரையும் சட்டத்தின் உயரத்தை 1000 அலகாகப் பிரித்து, அதில் எழுத்தின் உயரம் 600 என்று வைத்துக்கொள்வோம். ‘ப’வின் கால், அதாவது நிமிர்ந்த கோடு, 150 அலகு தடிமன் இருக்கலாம். அதே 150-ஐ ‘ண’வுக்குள் திணித்தால் சுழிகளுக்குள் வெள்ளையே மிஞ்சாது, இரண்டு சுழி ‘ன’வோடு குழம்பும். வெளிக்கால் 140, உள்கோடுகள் 100 முதல் 110 வரை என்று இறக்குங்கள். அதோடு எழுத்தை அகலப்படுத்தத் தயங்க வேண்டாம். ‘ண’ அகலமாக இருப்பது தமிழ்க் கண்ணுக்கு இயல்புதான்.

சுழிக்குள் வெள்ளை 45 அலகுக்குக் கீழே போகக் கூடாது. 24 புள்ளி (பாயிண்ட்) அளவில் அச்சிட்டால் அது 0.38 மில்லிமீட்டர்தான், மை சற்றே பரவினாலும் அடைந்துவிடும். ‘மண்ணெண்ணெய்’ என்று எழுதிப் பாருங்கள். அது தெளிவாகப் படிந்தால் எடை சரி. பிறகு ஞ, ஐ, ஜ, நூ ஆகியவற்றையும் இப்படியே சோதியுங்கள்.

நேரெழுத்து முழுதும் முடிந்த பிறகு சாய்வு. 8 முதல் 10 பாகை போதும். 12-ஐத் தாண்டினால் வட்ட எழுத்துகள் உருள்வது போலத் தோன்றும். 10 பாகை சாய்க்கும்போது ஒவ்வொரு 100 அலகு உயரத்துக்கும் 17.6 அலகு வலப்பக்கம் நகரும். அடிக்கோட்டிலிருந்து சாய்ப்பதால் எழுத்து முழுதும் தன் பெட்டியில் வலப்புறம் ஒதுங்கும்; பாதி உயரத்துக்கான 53 அலகை இடப்பக்கம் திருப்பித் தள்ளுங்கள்.

கணினி சாய்த்ததை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஒரு வட்ட வளைவை அருகில் பாருங்கள். சீராக 150 இருந்த வளையம் மேல்வலத்திலும் கீழ்இடத்திலும் 164 வரை பருத்திருக்கும். மேல்இடத்திலும் கீழ்வலத்திலும் 137-க்கு மெலிந்திருக்கும். இதனால்தான் மலிவான சாய்வெழுத்து நெளிந்து தெரிகிறது. பருத்ததைக் கையால் குறையுங்கள், மெலிந்ததற்குச் சதை கொடுங்கள். வளைவின் உச்சியில் கோட்டின் வடிவைக் கட்டுப்படுத்தும் புள்ளிகளும் இடம் மாறியிருக்கும், அவற்றைப் புதிதாக இடுங்கள். ‘ர’வின் வாலையும் கவனியுங்கள். சாய்வின் திசையிலேயே இறங்குவதால் அது மெலியும். வால் தொலைந்தால் ‘ர’ துணைக்காலாகிவிடும்.

அடுத்தது புள்ளி. புள்ளியை மெய்யெழுத்தோடு இணைக்கும் நங்கூரமும் எழுத்தோடு சேர்ந்து சாய வேண்டும். 750 அலகு உயரத்தில் இருந்தால் அது 132 அலகு நகர வேண்டும். நகராவிட்டால் ‘மின்’ என்ற சொல்லில் ‘ன்’னின் புள்ளி இடப்பக்கமே நின்று ‘மி’யின் கொக்கியில் மோதும். புள்ளி 130 அலகு விட்டம், எழுத்துக்கும் அதற்கும் நடுவே குறைந்தது 50 அலகு. தடித்த எழுத்து என்பதற்காகப் புள்ளியை எழுத்துக் காலின் தடிமனுக்கு மேல் பெருக்காதீர்கள்.

கோப்பை உருவாக்கும்போது ‘தடிமன்’, ‘சாய்வு’ ஆகிய இரு அடையாளங்களையும் இயக்குங்கள். ஃபாண்ட் கோப்புக்குள் இருக்கும் ‘போஸ்ட்’ என்ற தகவல் அட்டவணையில் சாய்வுக் கோணம் -10, எதிர்க்குறியோடு. அடையாளங்களை மறந்தால் மென்பொருள் இந்த ஃபாண்டைச் சாதாரண எழுத்து என்று நினைத்து, பயனர் சாய்வுப் பொத்தானை அழுத்தும்போது இன்னொரு முறை சாய்க்கும்.

இணையதளத்திலும் இதே வம்புதான். முதல்நிலைத் தலைப்பு இயல்பாகவே தடிமன் கேட்கும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஃபாண்டை அறிவிக்கும்போது எடையைக் குறிக்காவிட்டால் உலாவி அதை 400, அதாவது சாதாரண எடை, என்று எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே தடித்ததை மேலும் ஊதவைக்கும். எடை 800, பாணி சாய்வு என்று எழுதிவிடுங்கள்.

பயன்படுத்தும்போது 24 புள்ளிக்குக் கீழே இறங்காதீர்கள். பத்திக்குள் ஒரு சொல்லை அழுத்திக்காட்டவும் இது வேண்டாம், அதற்குச் சாதாரணத் தடிமனே போதும். கடைப்பலகை, நூல் அட்டை, காணொளி முகப்பு, விளையாட்டுப் போட்டிச் சுவரொட்டி ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டு வரித் தலைப்பானால் வரியிடைவெளி 1.35 மடங்கு, இல்லாவிட்டால் மேல்வரி எழுத்துகளின் கீழிறங்கும் பகுதி கீழ்வரிப் புள்ளியைத் தொடும். எழுத்துகளை இழுத்து இடைவெளி விடாதீர்கள், ஒற்றைக்கொம்பு தன் எழுத்தை விட்டு விலகிவிடும். கடைசி எழுத்து ‘கி’, ‘லி’ போல முடிந்தால் பெட்டியின் வலப்பக்கம் எழுத்தளவில் 0.15 பங்கு இடம் கூடுதலாக விடுங்கள். காணொளி மென்பொருள்களில் கொக்கி வெட்டுப்படுவது அங்கேதான்.