மெடிக்கல் ஸ்கூல் கனவா? முதல் வருடமே ஒரு நோட்டு போடுங்கள்

அமெரிக்காவில் காலேஜ் படித்துக்கொண்டே மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகிறவர்கள் எம்கேட் (MCAT) என்ற நுழைவுத் தேர்வை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் விண்ணப்பம் நிரப்ப உட்காரும்போது திணற வைப்பது வேறொன்று: செய்தது எதுவும் சரியாக நினைவில் இருக்காது.

ஆம்காஸ் (AMCAS) என்பது பெரும்பாலான அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பம்; அதில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் தேதி, மொத்த மணி நேரம், அதை உறுதிசெய்யக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரம் எல்லாம் கேட்பார்கள். விளக்கத்துக்கு இடம் 700 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து. மிக முக்கியமானவை என்று மூன்றைக் குறித்தால், அவற்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325.

அதனால் முதல் செமஸ்டரிலேயே ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ தொடங்கிவிடுங்கள். மருத்துவமனையில் தன்னார்வப் பணி, லேப் வேலை, டாக்டர் கூடவே இருந்து கவனிப்பது, எதுவானாலும் அன்றைக்கே மணிக்கணக்கைக் குறியுங்கள். கூடவே இரண்டு வரி: இன்று எது மனதைத் தொட்டது? மருந்துச்சீட்டைப் புரிந்துகொள்ள முடியாமல் தயங்கி நின்ற ஒரு பெரியவரைப் பற்றி அன்று எழுதிய வரிதான், பிறகு உங்கள் விண்ணப்பக் கட்டுரையின் உயிராக மாறும். நோயாளியின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள்.

அப்புறம், சிபாரிசுக் கடிதம். பேராசிரியருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும்போதே, வகுப்பு முடிந்த கையோடு கேட்டுவிடுங்கள். பல மெடிக்கல் ஸ்கூல்கள் விண்ணப்பம் வர வரப் பரிசீலிப்பதால், உங்கள் விண்ணப்பத்தை ஜூன் மாதமே அனுப்பிவிடுவது நல்லது.