சிடி, டிவிடிக்கு மாற்று டப்பா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சிடிக்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற இளவட்டம் ஒன்று மறுபடி கிளம்பியிருக்கிறது, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் உடைந்த டப்பாவை மாற்றுகிறேன் என்று அவர்கள் செய்கிற காரியங்களைப் பார்த்தால், நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் செய்து வைத்த அதே வேலைகள். வெயிலில் வைக்காதே, கைரேகை படாமல் பிடி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

இடம் மிச்சம் என்று ஸ்லிம் கேஸுக்கு மாறுவது

இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சாதாரண சிடி டப்பா சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன், ஸ்லிம் அதில் பாதி. அதே அலமாரியில் இரண்டு மடங்கு அடுக்கலாம் என்ற கணக்கு சரிதான். ஆனால் பின் அட்டைக்கு ஸ்லிம்மில் இடமே கிடையாது. அந்த அட்டை, சிடியைப் பிடித்துக்கொள்கிற டிரேக்கு அடியில் உட்கார்ந்து, இரண்டு ஓரமும் மடிந்து, டப்பாவின் முதுகில் பெயர் தெரிகிற மாதிரி அச்சடித்தது, ஸ்லிம்முக்கோ அப்படிப்பட்ட முதுகே இல்லை. அப்போ அட்டையை என்ன செய்கிறார்கள்? தூக்கிப் போடுகிறார்கள்.

தெரிந்த தம்பி ஒருவர், அவர் அப்பா 90களில் வாங்கிச் சேர்த்த தமிழ்ப் பட சிடிக்களையெல்லாம் ஸ்லிம்முக்கு மாற்றிவிட்டு ஆசையாகக் காட்டினார். பின் அட்டையெல்லாம் எங்கே என்று கேட்டேன். "பழைய டப்பாவோட சேர்த்துப் போட்டாச்சுண்ணே. பாட்டெல்லாம்தான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேனே!" ஏற்றித்தான் இருந்தார், 'டிராக் 01', 'டிராக் 02' என்று. அந்தக் காலத்துத் தமிழ் சிடிக்களில் ஒரே தட்டில் இரண்டு மூன்று படங்களின் பாடல்களைச் சேர்த்துப் போடுவது சர்வ சாதாரணம், எந்தப் பாட்டு எந்தப் படம், யார் பாடியது என்பது பல சிடிக்களில் அந்தப் பின் அட்டையில் மட்டும்தான் இருக்கும். பாட்டின் பெயரைத் தட்டிலேயே பதிந்து வைக்கிற சிடி-டெக்ஸ்ட் வசதியை அவற்றில் எதிர்பார்க்க முடியாது. ஏஏடி, ஏடிடி, டிடிடி என்ற மூன்றெழுத்து, அதாவது ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் அனலாக் டேப்பில் நடந்ததா டிஜிட்டலில் நடந்ததா என்கிற குறிப்பு, அதுவும் பெரும்பாலும் அங்கேதான். அவர் அப்பா பத்திரமாக வைத்திருந்த விவரம் ஒரே நாளில் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. நாளைக்கு விற்க நினைத்தாலும், பின் அட்டை இல்லாத சிடிக்கு விஷயம் தெரிந்தவர் யாரும் சரியான விலை கொடுக்க மாட்டார்.

இன்னும் சிலர் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு அட்டையை முன்பக்கம் செருகுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேடலாக் எண், அதாவது கம்பெனி அந்த சிடிக்குக் கொடுத்த எண், இருப்பது அந்த ஓரத்தில்தான்.

இடம்தான் பிரச்சினை என்றால் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய உறை இருக்கிறது, முன் புத்தகம், பின் அட்டை, தட்டு மூன்றும் தனித்தனியாக அதில் அடங்கும், டப்பாவை மட்டும் கழித்துக்கட்டலாம். வாங்குவதற்கு முன் பின் அட்டையை ஓர மடிப்போடு சேர்த்து அளந்து பாருங்கள், அகலம் 15 சென்டிமீட்டர் வரும், அது உள்ளே போக வேண்டும்.

பிவிசி பை

வேண்டவே வேண்டாம். ஜிப் வைத்த ஆல்பம் வாங்கினாலும் உள்ளே இருக்கிற உறை எதனால் ஆனது என்று கேளுங்கள். பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கிற ரசாயனம் நாளாக நாளாகக் கசிந்து தட்டில் பிசுபிசுவென்று படியும், நம் ஊர் வெக்கை அதை இன்னும் வேகப்படுத்தும். சிடியில் பாட்டு இருக்கிற படலம் எழுத்து அச்சான மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, அதற்குக் காவல் மெல்லிய ஒரு பூச்சு மட்டுமே. அந்தப் பக்கம் உறையோடு ஒட்டிப் பிய்ந்தால் எந்த பாலிஷும் காப்பாற்றாது.

நடுப்பிடி இறுக்கமான டிவிடி கேஸ்

மலிவு டிவிடி கேஸில் நடுக்குமிழை அழுத்தினாலும் தட்டு விடாது, ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுக்க வேண்டியிருக்கும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டை ஒட்டியது, இப்படி இழுக்க இழுக்க நடுத்துளையைச் சுற்றி முடி மாதிரி விரிசல் விடும். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று வாங்கி, தேவையில்லாத தட்டைப் போட்டு எடுத்துப் பாருங்கள். ஒரே விரலால் அழுத்தி எடுக்க வந்தால் சரி.

7 மில்லிமீட்டர் டிவிடி கேஸ்

கவர் 14 மில்லிமீட்டர் முதுகுக்கு அச்சடித்தது. மடித்தால் படத்தின் பெயர் ஓரத்துக்கு ஓடிவிடும்.

ப்ளூ-ரே கவரை டிவிடி கேஸில் போடுவது

பொருந்தாது. ப்ளூ-ரே கேஸ் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் குட்டை.

முழு டப்பாவையும் தூக்கிப் போடுவது

சாதாரண சிடி டப்பா மூன்று துண்டு: மூடி, டிரே, அடிப்பாகம். பெரும்பாலும் உடைவது மூடியின் காது, இல்லாவிட்டால் டிரேயின் நடுப்பல். தரமான டப்பாக்களில் அநேகமாக ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேரும், அதனால் கீறல் விழுந்த டப்பாக்கள் சிலவற்றை உதிரிக்கென்றே எடுத்து வையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலேயே இப்போது நல்ல சிடி டப்பாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. டிரேயைக் கழற்றும்போது மட்டும் அவசரப்படாதீர்கள், அடியில்தான் பின் அட்டை இருக்கிறது, பழசு என்றால் ஈரத்தில் ஒட்டியிருக்கும்.