அட்டனிலிருந்து திருகோணமலைக்கு: கடலைப் பார்க்கும் முன் காற்றைப் பாருங்கள்

மலைநாட்டில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு மூன்று தடவை திருகோணமலை போய்வந்தாயிற்று. முதல் தடவை படுதோல்வி, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதுதான் ஊரில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது. வேன் பேசுவது, ரூம் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. மாதம்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். டிசம்பரில் பள்ளிக்கூட லீவு விட்டதும், இங்கே குளிர், அங்கே கடற்கரை, அப்போ வெயிலாகத்தான் இருக்கும் என்ற ஒரே கணக்கில் கிளம்பிவிட்டோம். போய்ப் பார்த்தால் கடல் பிளேன்டீ நிறத்தில் கலங்கி, ஆள் உயரத்துக்கு அலை அடித்துக்கொண்டிருந்தது. ரூம்காரர் வேறு, முன்பணம் வாங்கும்போது வாய் திறக்காதவர், "இந்த மாசத்துல யாரும் கடல்ல இறங்கமாட்டாங்களே" என்று சாவகாசமாகச் சொன்னார். இரண்டு நாளும் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு கொத்து ரொட்டி சாப்பிட்டோம். மழை பார்க்க 250 கிலோமீற்றர் போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஜூன் மாதம் இடுப்பில் கட்டுகிற படங்கு விரிப்பு நனைய நனைய நம்மைக் கொழுந்து எடுக்க வைக்கிற அதே காற்று, மழையை இந்தச் சரிவிலேயே கொட்டிவிட்டு மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி, கிழக்குக் கரையில் கச்சான் காற்றாக வீசுகிறது. (கடற்கரையில் சுருள் தாளில் விற்கிற கச்சான் வேறு, அது நிலக்கடலை, அதுவும் வாங்குங்கள்.) ஆக, அட்டனில் அடைமழை என்றால் திருகோணமலையில் வெயிலும் அடங்கிய கடலும். ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவக்காற்று கிளம்பினால் எல்லாம் தலைகீழ், பெப்ரவரி வரை அந்தக் கடல் நமக்கு ஆகாது.

எனவே ஓகஸ்ட் லீவுக்குத் திருகோணமலை. டிசம்பர் லீவில்தான் போகமுடியும் என்றால் தெற்கு, மேற்குக் கரைதான். ஒன்றும் முடியாவிட்டால் ரயிலேறி கொழும்பு கோட்டையில் இறங்கி, 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த காலிமுகத்திடல் நடைபாதையில் இறால் வடையோடு ஒரு மாலை நடந்துவிட்டு வாருங்கள். அங்கே குளிக்கமுடியாது, நடக்கத்தான்.

போனில் எத்தனையோ வானிலைச் செயலிகள் இருக்கின்றன, மழைக் குடை படத்தைத் தவிர எனக்கு அவற்றில் ஒன்றும் புரிவதில்லை. நான் நம்புவது ரேடியோவில் வருகிற கடல் பிராந்தியங்களுக்கான வானிலை. திருகோணமலை பெயர் வருகிற வரியில் கடல் கொந்தளிப்பு என்று சொன்னால் பையைக் கட்டாதீர்கள்.

2. கிளம்பும் நேரம்

இரவு இரண்டு மணி. கினிகத்தேனை வளைவுகளைப் பிள்ளைகள் தூக்கத்திலேயே தாண்டிவிடுவார்கள், வாந்தி வேலை பாதி மிச்சம். இன்னும் முன்னாலே போகலாமே என்று நினைக்காதீர்கள். ஹபரணையிலிருந்து கந்தளாய் வரைக்கும் இருட்டில் யானை ரோட்டுக்கு வரும், அந்தத் துண்டை விடிந்த பிறகுதான் ஓட்டவேண்டும். இரண்டுக்குக் கிளம்பினால் கணக்கு சரியாக வரும்.

3. கடலில் இறங்குவது

நாம் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் குளித்துப் பழகியவர்கள். பீலியில் தண்ணீர் தலையில் விழும், அவ்வளவுதான், கடலில் காலுக்கடியிலும் வேலை நடக்கும். நாற்பது வருஷம் மலையேறிக் கொழுந்து பறித்த என் அம்மா உப்புவெளிக் கடற்கரையில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அலை திரும்பிப் போகும்போது குதிகாலுக்கடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போயிற்று. என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "மண்ணு ஓடுதுடா தம்பி, ஓடுதுடா" என்றார். சரிவான தேயிலை மலையில் ஒருநாளும் வழுக்காதவர்.

அதனால் முதல் கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். பிறகு இடுப்பளவு, அதற்கு மேல் வேண்டாம். கரையில் மீன்பிடிக்கிறவர்களிடம் எங்கே இறங்கலாம் என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள், அந்த ஒரு கேள்விக்கு எந்தப் பலகையும் ஈடில்லை. சேலையோடு இறங்கவே கூடாது, நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். விரிப்பு, பாய் எதுவும் கடையில் வாங்காதீர்கள், வீட்டில் இருக்கிற பழைய படங்குதான் கடற்கரைக்கு ஏற்றது, மணல் ஒட்டாது, உதறினால் போதும்.

உப்போடு வேனில் ஏறினால் மாத்தளை வருமுன்பே சொறிய ஆரம்பித்துவிடுவீர்கள். நாங்கள் டவுனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஊற்றிக்கொண்டோம். ஏழு சின்னச் சதுரக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உள்ளே இறங்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்றவேண்டும். ஏழையும் தொட்டுப் பார்த்துச் சண்டை போட்டதில் பிள்ளைகளுக்குக் கடலே மறந்துபோயிற்று.

4. மற்றதெல்லாம்

கோணேசர் கோவிலுக்கு விடியற்காலையில் போங்கள். சம்பந்தர் பாடிய தலம். பழைய கோவிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கோட்டை கட்டினார்கள், இப்போதும் அந்தக் கோட்டை வாசல் வழியாகத்தான் மேலே போகவேண்டும். வழியில் புள்ளிமான் கூட்டம் மாடு மாதிரி சாவகாசமாகத் திரியும், பொலித்தீன் பையைக் கொடுத்துவிடாதீர்கள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், கீழே நேராகக் கடல்.

நிலாவெளியிலிருந்து படகில் போகிற புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறையும் கறுப்பு முனைச் சுறாவும் பார்க்கலாம். அழகுதான், ஆனால் டிக்கெட், படகு என்று தலைக்குத் தலை கூட்டினால் எங்களைப் போன்ற எட்டுப் பேர் குடும்பத்துக்குக் கட்டாது. இளசுகள் நாலு பேர் போனால் சரி. எங்களுக்கு மாலையில் டவுனை ஒட்டின டச் பே கரையில் நடப்பதே போதுமாக இருந்தது.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போன இரண்டு பேர் திட்டினார்கள், நியாயம்தான். ஒருவர் ஜூலையில் பகல் பதினொன்றுக்கு இறங்கி, கச்சான் காற்றில் தலைவலியோடு படுத்துவிட்டார். காலை ஒன்பதுக்குள் குளித்து முடியுங்கள், பிறகு நாலரைக்கு மேல். இன்னொருவர் பதுளைக்காரர்: "எங்க பக்கம் உங்க கணக்கு சரிவரல." உண்மை, பதுளை இருக்கிற ஊவாச் சரிவு மலைக்குக் கிழக்கே வடகீழ் மழையை வாங்குவது, உங்களுக்கும் திருகோணமலைக்கும் ஒரே நேரத்தில்தான் கொட்டும், உங்கள் வீட்டு மழையே எச்சரிக்கை.

என் பங்குக்கு ஒன்று. கண்டி பெரஹெரா ஊர்வல நாட்களில் மாலையில் கண்டி வழியாகத் திரும்பவே வேண்டாம், ரோட்டை மூடிவிடுவார்கள், நாங்கள் நள்ளிரவு வரை வேனுக்குள்ளே உட்கார்ந்திருந்தோம். காலை ஏழுக்கே கிளம்பி மத்தியானத்துக்குள் கண்டியைத் தாண்டிவிடுங்கள்.